வெளிச்சக் கூண்டின் கீழே

சாலம்மாள் வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்தபோது யுவராணி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். பங்குனி பிறந்துவிட்டால் இண்டூரில் பாதி வீடுகளில் இதே சத்தம்தான். இரும்புத் துண்டின் மேல் புளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கொட்டை தெறித்து விழும். நாள் முழுக்கத் தட்டினால் விரல்கள் வெளுத்துப் போகும். சோறு பிசையும்போது நகக்கண் எரியும்.

மாமியாரைக் கண்டதும் யுவராணி சுத்தியலைக் கீழே வைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாலம்மாள் அந்த வீட்டுப் படியை மிதித்ததில்லை. மகன் சந்துரு கீழே வேலைக்குப் போய், கீழேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, வாடகை வீட்டில் உட்கார்ந்துவிட்டான் என்ற கோபம். அவன் செத்தபோதும் உடம்பை மலைக்குத்தான் கொண்டுபோனார்கள். யுவராணிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய், காரியம் முடிந்ததும் இறங்கி வந்தாள்.

"வாங்கத்தை."

"வரேன். மொதல்ல தண்ணி குடு. இந்த பஸ்சு ஒவ்வொரு வளைவுலயும் கொடலப் புடிச்சு இழுக்குது."

சாமை மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சாலம்மாள் உள்ளே வந்தாள். ஒரே அறை. ஆணியில் சந்துருவின் நீலச்சட்டை தொங்கியது. கைப்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புத் திட்டு. பேத்தி காவேரி அதற்குக் கீழே பாயில் சட்டையின் நுனியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சாலம்மாள் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொவைக்கலயா?"

"தொவச்சா அழுவுறா. வாசம் போயிருதாம்."

சாலம்மாள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"யுவராணி, நாம கூட்டியாந்தது அவன் இல்ல."

அகாலமாகச் செத்தவன் செத்த இடத்திலேயே நின்றுவிடுவான் என்பது அவர்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வருடம் திரும்புவதற்குள் பெற்றவள் அந்த இடத்துக்குப் போய்த் தண்ணீர் தெளித்து, பெயரைச் சொல்லி, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதற்கு ஏதாவது ஒரு பதில் வரும். பல்லி சொல்லும், காற்று அடிக்கும், எங்கோ ஒரு கன்று கத்தும். பதில் வந்த பிறகு அந்த இடத்து மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு நடக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. பேசினால் பாதி வழியில் நின்றுவிடுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் திரும்பிப் போய்விடுவான். வாசற்படியோரம் மண்ணைப் புதைத்த பிறகுதான் பேச்சு. பஸ்ஸில் வந்தால் அவனுக்கும் ஒரு டிக்கெட் வாங்க வேண்டும்.

சாலம்மாள் அதையெல்லாம் போன வருடமே செய்திருந்தாள், ஆஸ்பத்திரி வாசலில். தருமபுரியில் பழைய பேங்குக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலையில் சந்துரு மேலேயிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலில்தான் உயிர் போனது என்று வேலை எடுத்தவர் சொன்னார். எல்லோரையும் அப்படித்தான் சொல்லச் சொன்னார். கூடவே வேலை செய்த காளியன், சாலம்மாளுக்குத் தூரத்து மகன் முறை, மாசி மாதக் கோயில் பொங்கலில் குடித்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "பேங்குக்குள்ளயே போயிட்டான் சித்தி. கண்ணாடிக் கூண்டுக்கு நேர் கீழ. நாங்க தூக்கறப்பவே கழுத்து நிக்கல."

யுவராணி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மலையில படியோரம் பொதச்சு வெச்சிருக்கறது?"

"ஆரு பெத்த புள்ளையோ. ஆஸ்பத்திரி வாசல்னா எத்தன பேரு நின்னுக்கிட்டு இருப்பாங்க. வா சாமி, வூட்டுக்குப் போலாம்னு நான் கூப்புட்டதும் எவனோ ஒருத்தன் பொறப்புட்டு வந்துட்டான்."

"பேரச் சொல்லித்தான கூப்ட்டீங்க?"

"அவம்பேரும் சந்துருவோ என்னமோ." சாலம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எனக்கு அப்பவே சந்தேகந்தான். இவனுக்குக் கருவாடுன்னா உசுரு. கருவாட்டுக் கொழம்பு வெச்சு எலை போட்டா காக்கா கிட்டயே வரல. ஒருநாளு வூட்டுல ஒண்ணுமில்லன்னு கீரையக் கடைஞ்சு வெச்சேன். வழிச்சுத் தின்னுட்டுப் போச்சு. எவனோ கவிச்சி திங்காதவன்."

யுவராணிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது.

"அவன என்ன பண்ணுனீங்க அத்தை?"

"என்னாத்தப் பண்றது? கூப்புட்டது நாமதான. வந்தவன வெளிய போன்னு சொல்ல முடியுமா? இருக்கட்டும்னு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கீர வெக்கறேன்."

வருடம் திரும்ப அதிக நாள் இல்லை. சாலம்மாள் அந்த வாரம் முழுக்கப் பேங்குக்கு அலைந்திருந்தாள். வேலை முடிந்து கட்டடம் பூட்டிக் கிடந்தது. காவல்காரர் உள்ளே விடவில்லை. "ஞாயித்துக்கெழம காலைல வாம்மா. ஊரச் சுத்தி நடந்து பழைய கட்டடமெல்லாம் பார்க்க ஆளுங்க வருவாங்க. அதுல சேந்துக்க. ஆரு வேணும்னாலும் வரலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"நாளைக்கு ஞாயிறு. நீயும் வா. போயிக் கூட்டிக்கிட்டு வந்துரலாம்" என்றாள் சாலம்மாள்.

"எங்க கூட்டிக்கிட்டு வர்றது?"

"எங்கன்னா? மலைக்குத்தான்."

யுவராணி புளிக் கூடையைப் பார்த்தபடி இருந்தாள். "அவரு இருந்தது இந்த வூட்டுல அத்தை."

"பொறந்தது அந்த வூட்டுல."

"பொழுதோட அந்தப் படியில உக்காந்து கையில தேங்கா எண்ண தேச்சுக்குவாரு. சுண்ணாம்பு தின்னு தோலு உரிஞ்சிருக்கும். இவ மடியில ஏறி உக்காந்துக்கிட்டு நானும் தேய்க்கறேன்ம்பா. அங்க கொண்டுபோயி வெச்சுட்டா இவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"உனக்கு வயசு இருக்குது. நாளைக்கு உங்கண்ணன் வேற எடம் பாத்துருவான். அப்பறம் இந்த வாடக வூட்டுல ஆரு இருப்பா? அவன் ஊருகாரங் காலுல மிதிபட்டுக் கெடக்கோணுமா?"

"என்ன இப்படிப் பேசறீங்க?"

"இருக்கறதத்தான் பேசறேன்."

யுவராணி களி கிண்டினாள். அவரைக் கொட்டையைப் போட்டுக் குழம்பு வைத்தாள். சாலம்மாள் காவேரிக்கு ஊட்டினாள். தட்டைக் கழுவி வைக்கும்போது யுவராணிதான் இறங்கி வந்தாள்.

"சரிங்கத்தை. கூட்டிக்கிட்டுப் போங்க. கூப்புடறப்ப நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நின்னுக்கறோம். அது போதும்."

மறுநாள் காலையில் பேங்கு வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து கார் போட்டு வந்த ஒரு குடும்பம், கல்லூரிப் பெண்கள் சிலர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வழிகாட்டியாக வந்த இளம்பரிதி இடுப்பில் சின்ன ஒலிபெருக்கியைக் கட்டியிருந்தான். கட்டடக்கலை படித்த பையன், இதே ஊர்க்காரன். சாலம்மாள் படியருகே செருப்பைக் கழற்றியதைப் பார்த்து, "போட்டுக்கிட்டே வரலாம்மா" என்றான்.

"இருக்கட்டும் சாமி."

அவள் கையில் வேப்பிலை போட்ட பித்தளைச் சொம்பு இருந்தது. இளம்பரிதி அதைப் பார்த்தான். குடிக்கத் தண்ணீர் என்று நினைத்திருப்பான்.

முகப்பில் பருத்த தூண்கள். வளைவு வளைவாகக் கதவுகள், ஒவ்வொன்றின் தலையிலும் விசிறி விரித்ததுபோலக் கலர்க் கண்ணாடி. வெயில் அதன் வழியாக விழுந்து தரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. காவேரி ஒவ்வொரு கலராக மிதித்துக்கொண்டே வந்தாள்.

"இந்தச் சுவரத் தொட்டுப் பாருங்க" என்றான் இளம்பரிதி. "இதுல சிமெண்டே கெடையாது. சுண்ணாம்பு, மணல், கடுக்காத் தண்ணி, வெல்லம். பழைய காலத்துல எப்படிப் பூசுனாங்களோ அப்படியே மறுபடியும் பூசியிருக்காங்க."

எல்லோரும் தொட்டார்கள். "ஏ, கண்ணாடியாட்டம் இருக்குதுடி" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். யுவராணியும் உள்ளங்கையை வைத்தாள். வெளியே அவ்வளவு வெயிலிலும் சுவர் குளிர்ந்திருந்தது.

அந்தக் கடுக்காயைக் கொண்டுவந்தவன் சந்துரு. மலையில் பொறுக்கிய காயை மூட்டை கட்டி இறக்கத்தான் அவன் முதலில் இங்கே வந்தான். கடுக்காயை இடித்து ஊறவைப்பதைப் பார்த்தான். சுண்ணாம்பு அரைப்பதைப் பார்த்தான். காய் விற்றுவிட்டுப் போகிறவன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கொஞ்ச நாளிலேயே கொத்தனார் பக்கத்தில் நின்று பூசக் கற்றுக்கொண்டான். வெல்லம் சேர்த்த புதுச் சுவரில் எறும்பு மொய்ப்பதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பான். "யுவராணி, நாங்க பேங்கு கட்டல. அதிரசம் சுட்டுக்கிட்டு இருக்கறோம்."

அவள் கையை எடுக்கவில்லை. கூட்டம் நகர்ந்துவிட்டது. காவேரி புடவையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நடந்தாள்.

பெரிய கூடத்துக்கு வந்தார்கள். பணம் கட்டும் தேக்கு மேடையும் பித்தளைக் கம்பித் தடுப்பும் மெருகேறி மின்னின. கூடத்தின் நடுவே உச்சியில் எண்கோணமாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அதன் வழியாக வெளிச்சம் கிணற்றில் இறங்குவதுபோல நேராக இறங்கியது.

"அல்லாரும் மேல பாருங்க" என்றான் இளம்பரிதி. "கரண்டு இல்லாத காலத்துல நோட்ட எண்றதுக்கு வெளிச்சம் வேணும். ஆனா சன்னல் பெருசா வெச்சாத் திருட்டுப் பயம். அதனாலதான் வெளிச்சத்த வானத்துல இருந்து எறக்குனாங்க."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சாலம்மாள் மட்டும் கீழே பார்த்தாள்.

கருங்கல் பலகை பாவிய தரை. கழுவி மெழுகு போட்டு வழவழவென்று இருந்தது. ஒரு கறை இல்லை. அவள் குனிந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்தாள். எதையோ தொலைத்தவள் தேடுவதுபோல இருந்தது.

"இந்தக் கூண்டுல இன்னொரு விசேஷம் இருக்குது" என்றான் இளம்பரிதி. "நேர் கீழ இந்தக் கல்லு மேல நின்னு சத்தமா ஒரு பேரு சொல்லுங்க. கூண்டு திருப்பிச் சொல்லும்."

பெங்களூர்க்காரர் முதலில் ஏறி நின்று மனைவியின் பெயரைக் கூப்பிட்டார். அது மேலே போய்ச் சுற்றி வந்து விழுந்தது. "வூட்டுல கூப்ட்டாத் திரும்பக்கூட மாட்டா. இங்கயாச்சும் பதில் வருதே" என்றார். அந்த அம்மாள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். கல்லூரிப் பெண்கள் ஒருத்தி பெயரை ஒருத்தி கத்தினார்கள். கூடம் முழுக்கப் பெயர்களாக இரைந்தது.

அது அடங்கியதும் சாலம்மாள் அந்தக் கல்லருகே போனாள். மேலே ஏறவில்லை. பக்கத்தில் மண்டி போட்டு, வேப்பிலையால் தண்ணீரைத் தொட்டுக் கல்லின்மேல் தெளித்தாள்.

"ஐயோ, வழுக்கப் போகுது..." என்று வாத்தியார் ஆரம்பித்தார். இளம்பரிதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. வேலை நடந்தபோது ஒருவன் இங்கே விழுந்தான் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான். ஊரைச் சுற்றிக் காட்டும் நடையில் அதை யாரும் சொல்வதில்லை. அவன் ஒலிபெருக்கியை அணைத்தான்.

"அல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. பணம் வெக்கிற பாதாள அறையப் பாத்துட்டு வந்துரலாம்" என்று தணிந்த குரலில் சொல்லிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு போனான். கல்லூரிப் பெண்களில் ஒருத்தி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கூடத்தில் மூன்று பேர் நின்றார்கள்.

"சந்துரூ" என்று கூப்பிட்டாள் சாலம்மாள்.

சத்தம் எழவில்லை. ஒரு மேட்டில் நின்று மறு மேட்டில் மேயும் மாட்டைப் பெயர் சொல்லித் திருப்புகிறவள் அவள். மழை நாளில்கூட அவள் குரல் பள்ளத்தைத் தாண்டிப் போகும். இங்கே தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சந்துரூ. சாமி. வா, வூட்டுக்குப் போலாம்."

கூண்டு சும்மா இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு புறா நடந்தது.

மூன்றாவது முறை உதடு மட்டும்தான் அசைந்தது. சாலம்மாள் கல்லின்மேல் கையை ஊன்றியபடி உச்சியைப் பார்த்தாள். இங்கே வந்த பிறகு அவள் மேலே பார்த்தது அப்போதுதான். அவ்வளவு உயரம் இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டாள். "யம்மா" என்றாள்.

யுவராணி அவளைத் தூக்கக் குனிந்தாள். அவள் இடுப்பிலிருந்து இறங்கிய காவேரி அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றுகொண்டாள். தன் முறை வந்துவிட்டதாக நினைத்திருக்கலாம். கழுத்தைப் பின்னால் சாய்த்து, வயிற்றை எக்கி ஒரே கத்தாகக் கத்தினாள்.

"அப்பா!"

அது மேலே போனது. கூண்டின் எட்டுப் பக்கமும் பட்டு, சுவரில் இறங்கி, கூடத்தைச் சுற்றி வந்து அவர்கள் காதில் விழுந்தது. குழந்தை கைதட்டியது. "ஆயா, சொல்லுச்சு!"

சாலம்மாள் குழந்தையைப் பார்த்தாள். யுவராணியைப் பார்த்தாள். பிறகு சேலை ஊக்கை எடுத்து இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டினாள். அங்கே மண் இல்லை. இருந்தது அதுதான். இறுகிப்போயிருந்த பூச்சு லேசில் பெயரவில்லை. ஊக்கு வளைந்தது. யுவராணி தன் வீட்டுச் சாவியை நீட்டினாள். சாவிமுனைக்கு ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் உதிர்ந்தது. சாலம்மாள் அதை முந்தானையில் முடிந்து, இடது கையில் இறுக்கிக்கொண்டு எழுந்தாள். அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

கூட்டம் பாதாள அறையிலிருந்து திரும்பி வந்தது. வாசற்படியில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "அம்மா, நீங்களும் வாங்க, ஒரே நிமிசம்" என்று கல்லூரிப் பெண் கூப்பிட்டாள். சாலம்மாள் திரும்பவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு சூடேறிய ரோட்டில் நடந்தாள். வாசல்வரை வந்த இளம்பரிதி யுவராணியைப் பார்த்து ஏதோ கேட்க வந்தான். என்ன கேட்பது என்று தெரியாமல், "வெயிலா இருக்குது. ஆட்டோ சொல்லட்டுங்களா?" என்றான்.

"வேண்டாங்க. அவங்க நடந்துதான் வருவாங்க."

பஸ் நிலையத்தில் மலை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அதன் படியருகே வத்தல்மலை ஆட்கள் சிலர் நின்று, "சாலக்கா, ஏறு ஏறு, எடம் போட்டிருக்கு" என்றார்கள். யுவராணி குழந்தையை இறக்கிவிட்டாள். இதோடு சரி என்று நின்றாள். சாலம்மாளால் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மாமியாரின் கைமுடிச்சைத்தான் பார்த்தாள்.

சாலம்மாள் மலை வண்டியைத் தாண்டி நடந்தாள். அடுத்ததையும் தாண்டினாள். இண்டூர் டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

யுவராணி குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள்.

மூன்று பேர் உட்காரும் இருக்கை. சாலம்மாள் சன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். யுவராணி காவேரியை மடியில் வைத்து மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டர் வந்தார். சாலம்மாள் வலது கையால் பணத்தை நீட்டினாள்.

"பொம்பளைங்களுக்குக் காசு இல்லம்மா. உள்ள வையி."

அவள் கையை இறக்கவில்லை.

"அட, வேண்டாங்கறன்ல? காது கேக்காதா இதுக்கு?"

"இண்டூருக்கு ஒரு ஆம்பள டிக்கெட்டு குடுங்க" என்றாள் யுவராணி.

"ஆம்பள ஆரு? படியில தொங்குறாரா?"

"இல்லீங்க. இங்கதான் இருக்காரு."

கண்டக்டர் காலி இடத்தைப் பார்த்தார். வேப்பிலை மிதந்த சொம்பைப் பார்த்தார். இறுகிப்போயிருந்த அந்த இடது கையைப் பார்த்தார். எத்தனையோ வருடம் இந்த ரோட்டில் போகிறவர். மறுபேச்சில்லாமல் டிக்கெட்டைக் கிழித்துச் சாலம்மாள் கையில் கொடுத்தார்.

அடுத்த நிறுத்தத்தில் கத்திரிக்காய்க் கூடையோடு ஏறிய ஒருத்தி, "கொஞ்சம் நவுந்து உக்காருங்களேன், எடந்தான் இருக்குதே" என்று வந்தாள்.

"அங்க ஆளு இருக்குதும்மா. பின்னால போ" என்றார் கண்டக்டர்.

இண்டூரில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. யுவராணி புளி தட்டும் இரும்புத் துண்டாலேயே படியோரம் குழி தோண்டினாள். சந்துரு உட்கார்ந்து எண்ணெய் தேய்க்கும் பக்கம். சாலம்மாள் முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினாள். வியர்வையில் நனைந்து சுண்ணாம்பு கையோடு ஒட்டியிருந்தது. விரலால் வழித்து வழித்துக் குழியில் போட்டாள். மீதித் தண்ணீரை ஊற்றினாள். மூடிய மண்ணின்மேல் காவேரி பஸ் டிக்கெட்டை வைத்து ஒரு புளியங்கொட்டையைப் பாரமாக வைத்தாள்.

யுவராணி கருவாடு வாங்கக் கிளம்பினாள். இனிமேல் பேசலாம். மாமியார் என்ன சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்தாள். இருந்து சாப்பிடுவாள், இரண்டு நாள் தங்குவாள் என்று நினைத்தாள்.

சாலம்மாள் படியைத் தடவிக்கொடுத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்தாள்.

"நான் பொறப்படறேன் யுவராணி. அங்க ஒருத்தன் இருக்கானே. பொழுது சாயறதுக்குள்ள போயி அவனுக்குக் கீரை ஆயோணும்."